மெக்காலேயின் பிரிவுக்கு நாமா காவல்?

சென்ற மாதம் மதுரை நெல்பேட்டையில் ஒரு நிக்காஹ் வீடு. விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்த வேளையில், நமக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ள ஹாஜியார் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். அரசுக்கு அனுப்புவதற்கென்று எழுதப்பட்ட மனு அது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கூடி வாழ்வதைத் தண்டித்து வந்த பழைய 377ஆம் பிரிவை மீண்டும் சட்டத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு முஸ்லிம் சமுதாயம் முன்னின்று குரல் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கீழே முப்பது நாற்பது கையொப்பங்கள். "எழுதப் படிக்கிற தம்பி, நீங்கள் போட்டால் எடுப்பாக இருக்கும்" என்று பேனாவையும் திறந்து தந்தார்.

நாம் கையொப்பமிடவில்லை. கல்யாண வீட்டில் வாதாடுவது முறையன்று என்பதால் காரணத்தையும் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறோம். ஹாஜியாரும் இந்த இதழைத் தவறாமல் படிப்பவர்தாம்.

முதலில் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றி வைத்துவிடுவோம். லூத் (அலை) அவர்களின் சமூகத்தாரைப் பற்றித் திருமறை கூறுவதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. இச்செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒரே சொல்லில் நிற்கின்றனர். அத்தீர்ப்பை மாற்றி எழுத இக்கட்டுரை வரவில்லை. அதற்குரிய தகுதியும் நமக்கில்லை. ஆனால் மனு கேட்பது மார்க்கத் தீர்ப்பையன்று. அது கேட்பது போலீசை. ஹராம் என்பது ஒன்று, காவல் நிலையம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதிலேதான் தவறு தொடங்குகிறது.

அந்த 377 எங்கிருந்து வந்தது? மதீனாவிலிருந்து வரவில்லை, பக்தாதிலிருந்தும் வரவில்லை. லண்டனிலிருந்து வந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் 1533இல் இயற்றிய சட்டம் அதன் பாட்டன். 1837இல் மெக்காலே பிரபுவின் குழு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு நகல் எழுதியது. 1857இன் பெருங்கிளர்ச்சியை அடக்கிய கையோடு 1860இல் அது சட்டமாயிற்று. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. டில்லியில் கடைசி முகலாயரின் அரியணையைக் கவிழ்த்து, அவரை ரங்கூனுக்கு நாடு கடத்திய அதே ஆட்சிதான் இப்பிரிவையும் நமக்குப் பரிசளித்தது. "இயற்கை நியதிக்கு மாறான" உடற்சேர்க்கை என்று தெளிவில்லாத சில சொற்களைப் போட்டு, ஆயுள் தண்டனை வரை விதித்தது. பெண்ணும் பெண்ணும் என்ற பேச்சே அதில் இல்லை. மனு எழுதியவர் பிரிவைப் படித்துப் பார்க்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இதே காலத்தில் இஸ்லாமிய உலகின் தலைமைப் பீடம் என்ன செய்தது? இஸ்தான்புல்லில் கலீஃபா அப்துல் மஜீதின் ஆட்சியில், 1858ஆம் ஆண்டு, உதுமானியப் பேரரசு புதிய தண்டனைச் சட்டத்தை வகுத்தது. பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய அதில், வயது வந்தோர் இருவர் தம் இசைவோடு செய்யும் இச்செயலுக்குத் தண்டனைப் பிரிவு எதுவும் இடம்பெறவில்லை. கலீஃபா அதனை ஹலால் ஆக்கிவிட்டார் என்று எந்த ஆலிமும் புலம்பியதாக நாம் படித்ததில்லை. ஹராம் ஹராமாகவே இருந்தது. சிறைக் கதவு மட்டும் அதற்கெனத் திறக்கப்படவில்லை. இரண்டாண்டு கழித்துக் கல்கத்தாவில் ஆங்கிலேயன் அக்கதவைத் திறந்தான். இன்று நம் மனுதாரர்கள் கலீஃபாவின் வழியை விட்டுவிட்டு மெக்காலேயின் வழியை மார்க்கத்தின் வழி என்கிறார்கள்!

"முஸ்லிம் நாடுகளிலெல்லாம் தண்டனை இருக்கிறதே" என்பர். எல்லா நாடுகளிலும் இல்லை. துருக்கியில் இல்லை. ஜோர்டானில் 1951 முதல் இல்லை. பஹ்ரைனில் 1976 முதல் இல்லை. ஈரான், சவூதி அரேபியா, ஏமன் ஆகிய நாடுகளில் மரண தண்டனை வரை இருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் நம் அண்டை நாடுகளைப் பாருங்கள். பாகிஸ்தானின் தண்டனைச் சட்டத்தில் இப்பிரிவின் எண் என்ன? 377. பங்களாதேஷில்? 377. மலேசியாவிலும் 377தான். பௌத்தர்கள் ஆளும் பர்மாவிலும் 377. ஷரீஅத் எந்நாளில் பிரிவு எண்ணோடு இறங்கியது? உலகில் இன்றும் இதைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் அறுபதுக்குச் சற்று மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி, பிரிட்டிஷ் கொடி பறந்த நாடுகள். கொடியை இறக்கினோம், பிரிவை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாதுகாத்தோம். எழுதிக் கொடுத்த இங்கிலாந்தோ 1967லேயே தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. நம்மவர் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய மொரீஷியஸில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்நாட்டுப் பிரிவை நீக்கியபோது, இது இம்மண்ணின் மக்கள் விரும்பி இயற்றியதன்று, காலனி ஆட்சி சுமத்தியது என்றே காரணம் காட்டியது. சிங்கப்பூர் 2022இல் நீக்கிற்று. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் பிரிவு இன்னும் நிற்கிறது. 1995இல் திருத்தியபோது குறைப்பதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள்.

அப்பிரிவு நம் நாட்டில் யாரைப் பிடித்தது? 1884இல் அலாகாபாத் உயர்நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கு. மொராதாபாதில், பெண் உடையணிந்து ஒரு வீட்டுப் பெண்களிடையே பாடிக்கொண்டிருந்த கைராத்தி என்பவரைப் போலீசார் பிடித்துச் சென்றனர். மருத்துவரைக் கொண்டு உடலைச் சோதித்தனர். எங்கே, எப்போது, யாரோடு என்ற விவரம் எதுவுமில்லாமலே கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஒரு வீட்டில் பாடிக்கொண்டிருந்தவரைப் பிடித்துச் சென்று உடலைச் சோதிக்கும் அதிகாரம்: அதுவே 377. 2013இல் உச்ச நீதிமன்றம் கணக்குப் பார்த்தபோது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் பதிவானவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. வழக்குகள் குறைவுதான். மிரட்டல்களோ ஏட்டில் ஏறுவதில்லை. இருட்டில் பிடித்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்திப் பணம் பறிப்பதற்கு நீதிமன்றம் எதற்கு?

நம் ஷரீஅத்தின் போக்கு இதற்கு நேர்மாறானது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது திருமறையின் 49ஆம் அத்தியாயத்தின் கட்டளை. விபசாரக் குற்றம் சுமத்துபவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும்; கொண்டுவராவிட்டால் கசையடி குற்றம் சாட்டியவனுக்கே. ஷாஃபியீ மத்ஹபினர் இச்செயலை விபசாரத்தோடு சேர்த்து வைத்தனர். ஆகவே அங்கும் அதே நான்கு சாட்சிகள். மதுரைச் சீமையில் நாம் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின் தலைவர் இமாம் அபூஹனீஃபா அவர்களோ, இதற்கு வரையறுத்த தண்டனையே இல்லை என்றார்கள். ஆட்சியாளர் தம் முடிவுப்படி கண்டிக்கலாம் என்ற அளவில் நிறுத்தினார்கள். அவர்களுடைய மாணவர்கள் இருவரும் இதில் மாறுபட்டனர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கேள்வி என்னவெனில், பதினான்கு நூற்றாண்டாக அறிஞர்கள் இத்தனை எச்சரிக்கையோடு, இத்தனை தயக்கத்தோடு அணுகிய ஒன்றை, நாம் ஏன் ஒரு ஏட்டையாவின் கையில் ஒப்படைக்கத் துடிக்கிறோம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியொன்று நம் முன்னோர் நூல்களில் வழங்குகிறது. இரவு வலம் வந்தபோது ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே பாவத்திலிருந்த ஒருவனைக் கையும் களவுமாகக் கண்டார்கள். அவன் நடுங்கவில்லை. நான் அல்லாஹ்வுக்கு ஒரு மாறு செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள் என்றான்: துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள். உமர் (ரலி) அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். உமரே ஏறக்கூடாத சுவரை இன்று யார் ஏறலாம்?

இனி நம் ஊருக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவர்க்கு வயது இருபது, மற்றவர்க்கு இருபத்திரண்டு, ஒருவரையொருவர் விட்டுப் பிரியமாட்டோம் என்று வீட்டைவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் மதுரைக் காவல் நிலையங்களில் பிள்ளையைக் காணவில்லை என்று புகார் கொடுத்தனர். போலீசார் சென்னை வரை தேடிப் போய் விசாரித்தனர். பெண்கள் அஞ்சி உயர்நீதிமன்றத்தை அடைந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்பட்டு எதையும் எழுதிவிடவில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். அதன்பின் செய்ததுதான் அரிய செயல்: இதைப் பற்றித் தமக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமும் அந்த ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டுக்கொண்டார். நீதிபதியின் இருக்கையிலிருந்து ஒருவர் "எனக்குத் தெரியாது" என்பது எத்தனை பேரால் ஆகும்? மேடையேறும் நம்மவர் எத்தனை பேரால் ஆகும்?

பெற்றோர் என்ன சொன்னார்கள் என்பது நம் நெஞ்சைத் தைக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவர்களுடைய முதற் கவலை. பெண்கள் வாழ்நாள் முழுதும் மணமின்றித் தனித்தே இருந்துவிட்டாலும் மேல் என்று அவர்கள் கருதினார்கள் என ஆலோசகரின் அறிக்கை கூறியது. அவர்களைக் கொடியவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம் தெருவில் எந்த அத்தாவும் அம்மாவும் சொல்லக்கூடியதையே சொன்னார்கள்.

2021 ஜூன் 7ஆம் நாள் வந்த ஆணை, காணவில்லைப் புகாரில் போலீசார் விசாரித்து, இருவரும் வயது வந்தோர், தம் விருப்பப்படியே இருக்கின்றனர் என்று கண்டால் துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்றது. மருந்தாலோ மின்னதிர்ச்சியாலோ "குணப்படுத்துகிறேன்" என்று கிளம்புவதைத் தடை செய்தது. 2022இல் தமிழகப் போலீசாரின் நடத்தை விதிகளிலேயே இவர்களைத் துன்புறுத்தலாகாது என்ற விதி சேர்ந்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990லேயே. பாவமா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். நோயா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நோயன்று என்று மருத்துவம் சொன்ன பின்னும் ஊசி போடச் சொல்வதும், ஓதிப் பார்த்துத் தாயத்துக் கட்டிப் பிள்ளையை அறைக்குள் அடைப்பதும் எந்தக் கணக்கில் சேரும்? ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு சங்கிலியாக 28 பேர் கருகியதை இச்சமுதாயம் மறந்திருக்காது. அவர்கள் மனநோயாளிகள், இப்பொருளோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. ஆனால் கட்டிப்போட்டால் குணமாகும் என்ற எண்ணம் எங்கே கொண்டு விடும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

2025 மே மாதம் இதே உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனு வேலூர்ப் பக்கத்து வழக்கு. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்தனர், அடித்தனர், "சரியாகிவிட" வேண்டுமென்று சடங்குகள் செய்வித்தனர் என்று அவரே நீதிபதிகளிடம் கூறினார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை அவர் விரும்பிய இடத்துக்குப் போக விட்டனர். போலீசாரின் போக்கையும் கண்டித்தனர்.

இந்தக் காட்சியை வேறெங்கோ பார்த்ததாக உங்களுக்குத் தோன்றவில்லையா? நமக்குத் தோன்றுகிறது. வயது வந்த பெண், அவள் முடிவை ஏற்காத தகப்பன், வீட்டுச் சிறை, மூளைச் சலவை செய்துவிட்டார்கள் என்ற கூக்குரல். ஹாதியா வழக்கு! கேரளத்தில் பிறந்து, நம் சேலத்தில் ஹோமியோபதி படிக்கும்போது இஸ்லாத்தைத் தழுவிய அப்பெண்ணின் திருமணத்தை 2017 மே மாதம் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்று சொல்லித் தகப்பன் வீட்டில் அடைத்தபோது, நாம் எவ்வளவு கொதித்தோம்! வயது வந்தவளின் வாழ்வை அவளே தீர்மானிக்க வேண்டும் என்று எத்தனை மேடைகளில் முழங்கினோம்! 2018 மார்ச் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தபோது எத்தனை வீடுகளில் ஷுக்ரு செய்தோம்! அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக 377இன் பல்லைப் பிடுங்கினார்கள். அத்தீர்ப்பில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா ஆதாரமாக எடுத்துக்காட்டிய வழக்குகளில் ஹாதியா வழக்கும் ஒன்று. நம் பெண்ணைக் காத்த சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தால் அது அடுத்தவன் வீட்டுப் பக்கம் மட்டுமா சரியும்?

இதைவிட அச்சந்தரும் மற்றொன்று உண்டு. டில்லி உயர்நீதிமன்றம் 2009இல் இப்பிரிவைத் தளர்த்தியபோது மேல்முறையீடு செய்து எதிர்த்தோரில் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமும் இருந்தது. தமிழகத்து முஸ்லிம் அமைப்பொன்றும் இருந்தது. பக்கத்தில் நின்று தோள் கொடுத்தவர்களில் கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா என்றொரு கட்சி! மனுவின் பெயரைத் தலையில் சூடியவர்களோடு நாம் ஒரே வரிசையில் நின்று 2013 டிசம்பர் 11ஆம் நாள் வென்றோம். எப்படி வென்றோம்? இத்தகையோர் மக்கள்தொகையில் மிக மிகச் சிறு பகுதியினர் என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. தலை எண்ணிக்கை குறைவு. ஆகவே உரிமை வழங்கக் காரணமில்லை! சிறுபான்மைச் சமுதாயமாகிய நாம் இதைக் கேட்டுக் கைதட்டினோம். இந்த அளவுகோல் நாளைக்கு நம் பள்ளிவாசலின் பாங்குக்கும், நம் பெண்களின் முக்காட்டுக்கும் வைக்கப்படும்போது எந்த வாயால் மறுப்போம்? நல்லவேளையாக 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தனிமனித அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றபோது, சிறுபான்மை என்பதாலேயே உரிமை குறையாதென்று அக்காரணத்தை உடைத்தெறிந்தார்கள். என்ன உண்கிறோம், என்ன உடுக்கிறோம் என்பதில் பிறர் மூக்கை நுழைக்கும்போதெல்லாம் நம் வழக்கறிஞர்கள் கையில் எடுப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

"இன்று சிறையை நீக்கச் சொல்வார்கள், நாளை நிக்காஹ் செய்து வைக்கச் சொல்வார்கள்" என்ற அச்சமும் மனுவில் எழுதியிருந்தது. 2023 அக்டோபர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருபாலினத்தார் மணம் புரிவதை அடிப்படை உரிமையாக ஏற்க மறுத்துவிட்டது. அவ்வழக்கிலும் மதச் சட்டங்களைத் தொடவே மாட்டோம், தனித் திருமணச் சட்டத்தை மட்டும் பார்க்கிறோம் என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டிக்கொண்டார்கள். எந்தக் காஜியாரின் தஃப்தரையும் யாரும் கேட்கவில்லை. இல்லாத பேயை விரட்ட உண்மையான போலீசை அழைக்க வேண்டியதில்லை.

மனுதாரர்களுக்கு ஒரு செய்தி தெரியாமல் இருக்கலாம். 2018இன் தீர்ப்பு 377ஐ முழுதும் ஒழிக்கவில்லை. இசைவின்றி நடக்கும் கொடுமைகளுக்கு அதனை நிறுத்தி வைத்திருந்தது. 2024 ஜூலை முதல் நாள் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பகுதியும் இல்லை. சிறுவர்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய ஆண் ஒருவன், தொழிற்கூடத்திலோ விடுதியிலோ வெளிநாடு அனுப்புவதாகச் சொன்னவனிடத்திலோ இக்கொடுமைக்கு ஆளானால், அதை அதன் பெயராலேயே குற்றமென்று சொல்லும் பிரிவு இன்று கிடையாது. அடிதடிப் பிரிவுகளில்தான் ஒதுங்க வேண்டும். திருநங்கையர்க்கெனத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் 2019இல் அதை இயற்றியபோது இரண்டாண்டுக்கு மேல் தண்டனை வைக்கவில்லை. சமுதாயம் மனுக் கொடுக்க வேண்டிய இடம் இது. இசைவோடு கூடியவரைச் சிறைக்கு அனுப்பக் கேட்கும் கை, இசைவின்றிச் சிதைக்கப்பட்டவனுக்காக ஒரு வரி எழுதவில்லை.

இவற்றில் பாதியை, நிக்காஹ் வீட்டிலிருந்து வெளியேறித் தெருமுனை வரை நடந்தபோது ஹாஜியாரிடம் சொன்னோம். அவர் சினக்கவில்லை. நின்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மதுரைப் பெண்கள் எந்தத் தெருப் பிள்ளைகள், தம்பி?" என்றார்.

"தெரியாது ஹாஜியார். தெரிந்தாலும் சொல்லக்கூடாது."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். இருவரும் பள்ளிக்கு நடந்தோம்.